ஜெர்மனியில் மூன்று வருஷக் கணக்கு

என்னவர் ஜெர்மானியர் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது, "சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவே?" என்றுதான். ராத்திரியில் அங்கே பல வீடுகளில் அடுப்பே மூட்டுவதில்லை. ரொட்டி, சீஸ், ஊற வைத்த வெள்ளரிக்காய், அவ்வளவே! அதெல்லாம் பழகிவிடும். அந்த நாட்டில் தங்கும் உரிமை நமக்கு எப்படி வருகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மனைவியாகப் போகும் விசாவுக்கே பெரும்பாலும் 'ஏ1' என்கிற ஆரம்ப ஜெர்மன் பரீட்சை தேற வேண்டும். போனதும் கிடைப்பது காலக்கெடு வைத்த அனுமதி. கணவர் ஜெர்மன் குடிமகனானால், 3 வருஷம் கழித்து நிரந்தர அனுமதி கேட்கலாம். அப்போதும் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். பாஷை 'பி1' அளவுக்கு வர வேண்டும். "நான்தான் பேசறேனே, உனக்கெதுக்கு?" என்று கணவர் அன்பாகத்தான் சொல்வார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தைக்குப் பேதி என்று டாக்டரிடம் சொல்ல நமக்கே வாய் வேண்டாமா?

பிரிய நேர்ந்தால்? அங்கே சேர்ந்து வாழ்ந்தது 3 வருஷத்துக்குக் குறைவென்றால், கணவரை ஒட்டி வந்த அனுமதி பொதுவாக ஆட்டம் காணும். ஆனால் வீட்டில் அடி உதை படுகிற பெண்ணுக்குச் சட்டம் இதில் விலக்கு தருகிறது. 'விசாவுக்காகப் பொறுத்துக்கோ' என்று பெண்ணுக்குக் கடிதம் எழுதும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 116 016 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசி உதவி கேட்கலாம்.

பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். என்னுடையவை தனி ஃபைலில் இருக்கின்றன. அதை வாங்கித் தந்ததே என் ஜெர்மன் மாமியார்தான்!