வானொலித் தொலைநோக்கிகள் படம் உருவாக்கும் முறை

வானொலித் தொலைநோக்கி என்பது விண்பொருள்களிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெற்று ஆராயும் கருவியாகும். ஒளித் தொலைநோக்கியைப் போல இதில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. ஆண்டெனாவின் முனையில் கிடைப்பது நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் ஒரு சிறு மின்னழுத்தம் மட்டுமே. வீட்டு வானொலிப் பெட்டியின் கம்பியில் கிடைப்பதும் அதுதான். ஆனாலும் 2019 ஏப்ரல் 10 அன்று, எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றிய ஒளிவளையம் என்று ஒரு படம் உலகெங்கும் வெளியானது. அது வானொலி அலைகளால் உருவான படம். மின்னழுத்தம் எப்படிப் படமாயிற்று, அந்தப் படத்தில் எவ்வளவு அளந்தது, எவ்வளவு ஊகித்தது என்ற கேள்வி மாணவர்களுக்கு எழுவது நியாயமே. எழாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி, தொலைபேசித் தொடர்புக்கு இடையூறாக இருந்த இரைச்சலைத் தேடிப்போய், அதன் ஒரு பகுதி பால்வழி மண்டலத்திலிருந்து வருகிறது என்று அறிவித்தார். வானொலி வானியல் அங்கே தொடங்கியது. ஆனால் அலை வருகிறது என்று அறிவது வேறு. வானின் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று அறிவது வேறு.

ஒரு தொலைநோக்கி அருகருகே உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றலைப் பிரிதிறன் என்கிறோம். அது பிரிக்கக்கூடிய மிகச் சிறிய கோணம், அலைநீளத்தை விட்டத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். வானொலி அலைகளின் அலைநீளம் ஒளியைவிடப் பல லட்சம் மடங்கு பெரிது. ஹைட்ரஜன் வாயு உமிழும் 21 சென்டிமீட்டர் அலையை எடுத்துக்கொள்வோம். 45 மீட்டர் விட்டமுள்ள பிரம்மாண்டமான டிஷ் கூட அந்த அலையில் கால் பாகை அளவுக்கே பிரித்துக் காட்டும். நிலவின் அகலம் அரைப் பாகை. அதாவது அந்த டிஷ்ஷுக்கு முழு நிலவின் குறுக்கே இரண்டு புள்ளிகள்தான் தெரியும். நம் வெறுங்கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அந்தக் கண்ணுக்கு ஈடுகொடுக்கவே 700 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள டிஷ் வேண்டும். அதைக் கட்டி, வானத்தில் எல்லாப் பக்கமும் திருப்ப யாராலும் இயலாது.

ஒரு பெரிய டிஷ்ஷுக்குப் பதில் பல சிறியவை

இதற்கு விடை கண்டவர்கள் சிட்னியிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ரேடார் வேலை செய்து பழகியவர்கள் இவர்களில் பலர். ஆஸ்திரேலியாவில் ரூபி பெய்ன்-ஸ்காட், ஜோசப் பாசி, லிண்ட்சே மெக்ரெடி ஆகியோர் 1947இல் வெளியிட்ட கட்டுரையில், தள்ளித்தள்ளி வைத்த ஆண்டெனாக்களின் அளவீடுகளைச் சேர்த்து, ஃபூரியர் கணிதத்தின் வழியாக, ஒளிப்பரவலின் வடிவத்தை மீட்டெடுக்கலாம் என்று சுட்டிக்காட்டினர். பெய்ன்-ஸ்காட் வானொலி வானியலின் முதல் பெண் அறிஞர்களில் ஒருவர். மணமான பெண்களுக்கு அரசு நிறுவனங்களில் நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட அக்காலத்தில் அவர் தம் திருமணத்தையே மறைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. 1951இல் ஆராய்ச்சியை விட்டு விலகினார். இந்தத் துறையின் வரலாற்றில் அவர் பெயர் நெடுங்காலம் உரிய இடம் பெறாமலே இருந்தது.

கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் இந்த எண்ணத்தை முழுமையான முறையாக வளர்த்தார். 'அப்பர்ச்சர் சிந்தசிஸ்' என்று அதற்குப் பெயர். சிறு சிறு திறப்புகளைத் தொகுத்து ஒரு பெரிய திறப்பை உண்டாக்குதல் என்று பொருள். இதற்காக 1974ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை அந்தோணி ஹியூவிஷுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

இதன் அடிப்படை இதுதான். எந்த ஒலியையும் பல அதிர்வெண்களின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று படித்திருப்போம். அதுபோல எந்தப் படத்தையும், அகலமான அலைவரிகள், நெருக்கமான அலைவரிகள் என்று பல்வேறு வரிக்கோலங்களின் கூட்டாகப் பிரிக்க முடியும். இரண்டு ஆண்டெனாக்களின் குறிப்பலைகளை ஒன்றோடொன்று பெருக்கிச் சராசரி கண்டால், படத்திலுள்ள அத்தகைய ஒரே ஒரு வரிக்கோலத்தின் வலிமையும் கட்டமும் கிடைக்கும். ஆண்டெனாக்கள் அருகருகே இருந்தால் அகலமான வரி. தொலைவில் இருந்தால் நெருக்கமான வரி. பல இடைவெளிகளில், பல திசைகளில் அளந்து எல்லாவற்றையும் கூட்டினால் படம் வரும். திசைகளை மாற்றுவதற்கு ஆண்டெனாவை நகர்த்தவும் வேண்டியதில்லை. பூமி சுழலும்போது, வானிலிருந்து பார்த்தால் இரு ஆண்டெனாக்களை இணைக்கும் கோடும் சுழல்கிறது. அதைக்கொண்டே ரைல் வேலையை முடித்தார்.

மின்சுற்றுகள் செய்யும் வேலை

கணிதம் எளிது போலத் தோன்றினாலும், அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவை மின்சுற்றுகளே.

முதலில் பெருக்கி. வரும் குறிப்பலையைவிடக் கருவியின் இரைச்சல் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். தொடரில் வரும் பெருக்கிகளில் முதலாவதன் இரைச்சலே முக்கியம். இரண்டாவதன் இரைச்சல், முதலாவதன் பெருக்கத்தால் வகுபட்டுச் சிறுத்துவிடும். எனவே முதல் பெருக்கிக்குத்தான் எல்லாக் கவனமும். ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தில் தகாஷி மிமுரா 1979இல் உருவாக்கிய ஹெம்ட் வகை டிரான்சிஸ்டர் இங்கே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதைக் கடுங்குளிரில் வைத்து இயக்கினால் இரைச்சல் மிகவும் குறையும். வானியலுக்குப் பயன்பட்ட அதே டிரான்சிஸ்டர்தான் பின்னர் வீட்டு மாடியிலுள்ள டிவி டிஷ்ஷின் முனையிலும் இடம்பிடித்தது.

அடுத்தது கலக்கி. உயர் அதிர்வெண் அலையை, உள்ளேயே உண்டாக்கிய மற்றோர் அலையுடன் கலந்து தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்குவது இதன் வேலை. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் முறை இது. சாதாரண வானொலிப் பெட்டியிலும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே எல்லா ஆண்டெனாக்களின் உள் அலைகளும் ஒன்றுக்கொன்று கட்டம் பிசகாமல் இருக்க வேண்டும். கட்டம் தவறினால் படமே இல்லை.

பிறகு தாமதம். விண்பொருள் தலைக்கு நேர் மேலே இல்லாவிட்டால், அலை ஓர் ஆண்டெனாவை முன்னதாகவும் மற்றதைப் பின்னதாகவும் அடையும். 25 கிலோமீட்டர் இடைவெளியில் இந்த வேறுபாடு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 83 பங்கு வரை போகும். முந்தி வந்ததை அவ்வளவு நேரம் காக்க வைக்க வேண்டும். முன்பு நீள நீளமான கேபிள்களை மாற்றி மாற்றி இணைத்தார்கள். இன்று எண்முறை நினைவகம் அதைச் செய்கிறது.

இவற்றுக்குப் பின் வருவது கோரிலேட்டர். இரு குறிப்பலைகளைப் பெருக்கிக் கூட்டும் சுற்று இது. இதிலுள்ள ஓர் அழகைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாண்டர் வைன்ரெப் என்ற பொறியாளர் 1963இல் எம்.ஐ.டி.யில் செய்த ஆய்வில், அலையின் அளவையே தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு நொடித்துளியிலும் அது நேர்க்குறியா எதிர்க்குறியா என்பதை மட்டும் பதிவு செய்தார். ஒரே ஒரு பிட். இரு அலைகளின் குறிகளும் ஒன்றானால் பெருக்கற்பலன் நேர், வேறானால் எதிர். பிளஸ் டூ மாணவருக்கு இது என்ன சுற்று என்று தெரிந்திருக்கும். எக்ஸ்-நார் கேட்தான்! அக்காலத்தில் விலையும் இடமும் பிடித்த பெருக்கல் சுற்றுக்குப் பதிலாக ஒரு லாஜிக் கேட்டும் ஓர் எண்ணியும் போதும் என்றாயிற்று. இவ்வளவு தகவலை எறிந்த பிறகும் உணர்திறனில் 64 விழுக்காடு எஞ்சுகிறது. இரண்டு பிட் வைத்துக்கொண்டால் 88 விழுக்காடு. குறிப்பலை இரைச்சலில் மூழ்கியே இருப்பதால், ஒவ்வொரு மாதிரியையும் துல்லியமாக அளப்பதைவிடக் கோடிக்கணக்கான மாதிரிகளைச் சேர்ப்பதே பயன் தருகிறது.

இந்தியாவில்

சிட்னியில் பயிற்சி பெற்ற கோவிந்த் ஸ்வரூப், அங்கே பயன்பாடு முடிந்த 1.8 மீட்டர் டிஷ்கள் 32ஐ இந்தியாவுக்கு வரவழைத்து, 1965இல் மும்பை அருகே கல்யாணில் ஒரு தொலைநோக்கியாக நிறுவினார். அடுத்து அவர் வந்தது நம் நீலகிரிக்கு. 1970இல் இயங்கத் தொடங்கிய உதகை வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடி, வடக்கு தெற்காக அமைத்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் உருட்டினாலே விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தில் அலையின் வலிமை எப்படிக் குறைகிறது என்று அளந்து அதன் வடிவத்தை அறிவது இதன் முதல் நோக்கம். நிலவின் விளிம்பையே கத்தியாகப் பயன்படுத்திய முறை அது.

புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தின் அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி.யும் ஸ்வரூப்பின் முயற்சியே. 45 மீட்டர் டிஷ்கள் 30, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. 30 டிஷ்களில் 435 இணைகள். எனவே ஒரே நேரத்தில் 435 அளவீடுகள். தொடக்கத்தில் 32 மெகாஹெர்ட்ஸாக இருந்த பட்டை அகலம், பின்னர் நடந்த மேம்பாட்டில் 400 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்தது. நைக்விஸ்ட் விதிப்படி ஒவ்வொரு குறிப்பலையிலிருந்தும் நொடிக்கு 80 கோடி மாதிரிகள் எடுக்க வேண்டும். இந்தச் சுமையை இன்று எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளும், கணினி விளையாட்டுக்கென்று பிறந்த ஜி.பி.யு. அட்டைகளும் தாங்குகின்றன.

படத்தில் எவ்வளவு உண்மை?

எத்தனை ஆண்டெனா இருந்தாலும் எல்லா இடைவெளிகளையும் அளக்க முடியாது. அளக்காத இடங்களைப் பூஜ்யம் என்று வைத்து ஃபூரியர் உருமாற்றம் செய்தால், பொய்யான கீற்றுகளும் வளையங்களும் நிறைந்த படம் வரும். அறிவியலாளர்களே அதை 'அழுக்குப் படம்' என்கிறார்கள். 1974இல் யான் ஹோக்போம் 'கிளீன்' என்ற வழிமுறையைத் தந்தார். படத்தின் மிகப் பிரகாசமான புள்ளியைக் கண்டு, அது உண்டாக்கக்கூடிய கீற்றுகளைக் கணக்கிட்டு, ஒரு பகுதியைக் கழித்து, மீண்டும் அடுத்த பிரகாசமான புள்ளிக்குப் போக வேண்டும். வானத்தின் பெரும்பகுதி வெறுமை என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது சரியே. ஆனால் அனுமானம் அனுமானம்தான்.

கட்டப் பிழைக்கு வேறொரு மருந்து உண்டு. வளிமண்டலம் ஒவ்வொரு ஆண்டெனாவின் கட்டத்தையும் பிசகச் செய்கிறது. பிழைகள் அ, ஆ, இ என்று கொள்வோம். மூன்று இணைகளிலும் வரும் பிழைகள் முறையே அ−ஆ, ஆ−இ, இ−அ. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: பூஜ்யம். முக்கோணத்தைச் சுற்றிய கட்டக் கூட்டுத்தொகை வளிமண்டலத்தால் கெடுவதில்லை. 1958இல் ரோஜர் ஜெனிசன் கண்ட இந்த உண்மை எட்டாம் வகுப்பு இயற்கணிதம். கருந்துளைப் படத்துக்கு அதுவே முதுகெலும்பு.

அந்தப் படத்துக்கு 2017 ஏப்ரலில் ஆறு இடங்களிலிருந்த எட்டுத் தொலைநோக்கிகள் 1.3 மில்லிமீட்டர் அலையில் தரவு சேகரித்தன. ஆண்டெனாக்கள் கண்டங்களைத் தாண்டி இருந்ததால் கேபிள் இணைப்பு இல்லை. அணுக் கடிகாரத்தின் நேரத்தோடு வன்தட்டில் பதிந்து விமானத்தில் அனுப்பினார்கள். தென் துருவத்தின் தட்டுகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தன. படத்தின் ஆரஞ்சு நிறம் வெளிச்ச அளவைக் காட்டச் சேர்த்தது. வானொலி அலைக்கு நிறம் கிடையாது.

எட்டே தொலைநோக்கிகள் என்பதால் ஊகத்துக்கு இடம் அதிகம். ஆகவே நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே படம் உருவாக்கின. நான்கிலும் வளையம் வந்தது. அதோடு விடாமல், வளையம், பிறை, நடுவில் துளையில்லாத தட்டு, இரட்டைப் புள்ளி எனப் போலி மூலங்களின் தரவுகளைக் கணினியில் தயாரித்து அதே வழிமுறைகளில் செலுத்தினர். தட்டைத் தட்டாகவே காட்டிய அமைப்புகளைத்தான் உண்மைத் தரவுக்குப் பயன்படுத்தினர். எனவே வளையத்தின் விட்டத்தையும், அதன் தெற்குப் பக்கம் கூடுதல் பிரகாசம் உடையது என்பதையும் நம்பலாம். வளையத்தின் மேல் தெரியும் சிறு முடிச்சுகள் குழுவுக்குக் குழு மாறின. அவற்றை நம்பக் கூடாது.