பச்சைத் துணியில் பறந்த "சூப்பர்மேன்"

வானத்தில் ஒருவர் பறக்கிறார். நீலச் சட்டை, ஒல்லியான உடம்பு. காற்சட்டையில் இருந்து நாடா தொங்குகிறது!

இவர்தான் மாலேகாவ் "சூப்பர்மேன்". பெயர் ஷபீக் ஷேக். விசைத்தறித் தொழிலாளி.

மராட்டிய மாநிலம் நாசிக் மாவட்டத்தில் உள்ளது மாலேகாவ். மன்மாட் ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடித்தால் சுமார் 35 கிலோமீட்டர். 2006, 2008 ஆண்டுகளில் நடந்த குண்டுவெடிப்புகளால் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். ஆனால் அது உழைப்பாளிகளின் ஊர். இரவு பகலாகத் தறி ஓடும். வெள்ளிக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. அன்று சினிமா பார்ப்பதுதான் தொழிலாளிகளின் பொழுதுபோக்கு.

சைக்கிளே குதிரை

அங்கு வீடியோ பார்லர் நடத்தி வந்தவர் ஷேக் நாசிர். மற்றவர்களின் படங்களைப் போட்டுக் காட்டியவருக்கு, சொந்தமாகப் படம் எடுக்கும் ஆசை பிறந்தது.

2000-ம் ஆண்டில் "ஷோலே" படத்தைக் கேலி செய்து, "மாலேகாவ் கே ஷோலே" எடுத்தார். செலவு சுமார் 50 ஆயிரம் ரூபாய்தான். குதிரைக்குப் பதில் கொள்ளையர்கள் சைக்கிளில் வந்தார்கள். கேமராவை ஓடவிட்டுப் படம் பிடிக்க டிராலி இல்லை; அதற்கும் சைக்கிள்தான். கிரேன் இல்லை, மாட்டு வண்டி கைகொடுத்தது. நடித்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் எடுத்தது "சூப்பர்மேன்". அவர் பறந்தாக வேண்டும். அதற்கு என்ன வழி?

பறக்கும் ரகசியம்

வழி, ஒரு பச்சைத் துணி!

நடிகரைப் பச்சைத் துணிக்கு முன்னால் கிடைமட்டமாகத் தாங்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் பச்சை நிறத்தை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் வானத்தையும் வீடுகளையும் சேர்ப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அவர் பறப்பது போலத் தெரியும். இதற்குப் பெயர் "குரோமா".

பச்சை எதற்கு? மனிதத் தோலில் அந்த நிறம் குறைவு. டிஜிட்டல் கேமராவும் பச்சையைத் தெளிவாகப் பிடிக்கும். ஆனால் துணியில் சுருக்கமோ நிழலோ விழக்கூடாது. வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடிகர் பச்சை உடுத்தினால், உடம்பும் சேர்ந்து மறைந்துவிடும்! பெரிய ஸ்டூடியோக்கள் செய்வதும் இதே வேலைதான். அவர்களிடம் விளக்குகளும் ஆட்களும் அதிகம், அவ்வளவே.

படப்பிடிப்பின் நடுவே கேமரா தண்ணீரில் விழுந்தது. பழுது பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

சினிமாவில் வெற்றி

கதையில் வில்லன் யார் தெரியுமா? ஊரெங்கும் அசுத்தத்தையும் புகையிலையையும் பரப்புகிற ஒருவன். அவனோடு மோதுகிறார் ஷபீக். ஊர் சிரித்தது, யோசிக்கவும் செய்தது.

இந்தப் படப்பிடிப்பை ஃபைசா அகமது கான் என்ற பெண் டைரக்டர், "சூப்பர்மென் ஆப் மாலேகாவ்" என்ற பெயரில் 2008-ல் ஆவணப்படமாக எடுத்தார். இதனால் தறிக்காரர்களின் முயற்சி வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஆனால் ஷபீக் ஷேக்கைப் புற்றுநோய் தாக்கியது. 2011-ம் ஆண்டில் இளம் வயதிலேயே இறந்து போனார். ஆவணப்படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம், 2012-ல்.

2025 பிப்ரவரியில் இவர்கள் கதையை வைத்து ரீமா காக்டி எடுத்த "சூப்பர்பாய்ஸ் ஆப் மாலேகாவ்" என்ற இந்திப் படம் வெளியானது. அதில் ஷபீக் வேடத்தில் பம்பாய்ப் படவுலக நடிகர் ஒருவர் நடித்தார்.

மாலேகாவ் படத்தில் நாடா தொங்கப் பறந்து போகிறவரோ, நிஜத் தறித் தொழிலாளி.