காவலனா, சீட்டா? நிகழ்வுச் சுழல் பற்றி ஒரு விளக்கம்

ஸ்கிராட்ச் என்னும் நிரலாக்கப் பயிற்சியில் அமரும் நம் தமிழ்ப்பள்ளிச் சிறுவன், ‘பச்சைக் கொடியைச் சொடுக்கும்பொழுது’ என்னும் பொருளுடைய கட்டையை முதலில் எடுத்து வைக்கின்றான். அதன் கீழே, பூனை பத்து அடி நகர வேண்டும் என்னும் கட்டையைப் பொருத்துகின்றான். பூனை நகரவில்லை. ஆசிரியரைப் பார்க்கின்றான். எவரேனும் கொடியைச் சொடுக்கினாலன்றிப் பூனை அசையாது என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

‘நகர்’ என்பது ஏவல். ‘கொடி சொடுக்கப்படின் நகர்’ என்பது வெறும் ஏவல் அன்று. நிபந்தனை பூண்ட ஓர் ஏற்பாடு. தொல்காப்பியர் கூறிய ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதும் ஒன்று என்பதைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. ‘மழை பெய்யின் குளம் நிறையும்’ என்னும்பொழுது, மழை பெய்யுமா, எப்பொழுது பெய்யும் என்னும் செய்திகள் அத்தொடரில் இல்லை. பெய்தால் நடக்க வேண்டியது மட்டுமே உண்டு. உலகெங்கும் வலைத்தளங்களைத் தாங்கி நிற்கும் நிரல்களுள் பல இந்தச் ‘செயின்’ வாய்பாட்டிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றின் உள்ளமைப்பை விளக்க வரும் ஆங்கிலச் சொற்கள் மூன்று: ஈவெண்ட் லூப், வாட்சர், கால்பேக். இவற்றைத் தமிழில் எங்ஙனம் சொல்வது என்பது வெறும் சொல்லாக்கச் சிக்கல் அன்று. பெயர் பிழைபட்டால் மாணவன் எழுதும் நிரலும் பிழைபடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் ஈவெண்ட் லூப். சுங்காய்ப் பக்கத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து நெடுநாளாயிற்று; ஆயினும் ஒரே கிராணி இருந்த பழைய தோட்ட ஆபீசை நம்முள் மூத்தோர் மறந்திரார். தொலைபேசி மணி அடிக்கும், தபால் வரும், சம்பளக் கணக்கில் ஐயம் கேட்டு ஒருவர் வாசலில் நிற்பார், பால் நிறுத்து முடிந்ததென்று கொட்டகையிலிருந்து பையன் ஓடிவருவான். நான்கு வேலைக்கும் நான்கு ஆளை நியமித்து, ஒவ்வொருவரையும் தத்தம் இடத்தில் காத்திருக்கச் செய்வது ஒரு வழி. (துரை அதற்குச் சம்பளம் தரமாட்டார்.) ஒரே கிராணி நடுவில் அமர்ந்து, எது வந்ததோ அதற்குரியதைச் செய்து முடித்து, அடுத்து வந்தது யாது என்று மீண்டும் பார்ப்பது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியே ஈவெண்ட் லூப். இதனை நிகழ்வுச் சுழல் எனலாம்.

கணினியிலும் இவ்விரு வழிகள் உண்டு. இணைப்பு ஒன்றிற்குத் தனி இழை ஒன்று ஒதுக்கினால், ஒவ்வோர் இழையும் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாமல் காத்தே கிடக்கும். ஒரே கணினி ஒரே நேரத்தில் பதினாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்னும் வினாவை டான் கெகல் என்பவர் 1999இல் எழுப்பினார். 1983இல் பெர்க்லி யூனிக்சுடன் வந்த ‘செலக்ட்’ என்னும் வசதி, ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தலை முதல் கால் வரை பார்த்தாக வேண்டியிருந்தது. 2000இல் ஃபிரீ-பிஎஸ்டியில் வந்த ‘கேகியூ’வும், 2002இல் லினக்சில் வந்த ‘ஈபோல்’லும் நிகழ்வு நேர்ந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுத்தன. இவற்றின்மேல் அமைந்த நிரல் நூலகங்களுள் ஒன்று, மார்க் லேமன் சி மொழியில் எழுதிய லிப்-இவி. ரையன் டால் 2009இல் வெளியிட்ட நோட் தொடக்கத்தில் லிப்-இவியையே பயன்படுத்தியது. லிப்-யூவி என்னும் சொந்த நூலகம் பின்னர் வந்தது. வாட்சர் என்னும் சொல்லை லிப்-இவி வெளிப்படையாக ஆள்வதால், மேற்கொண்டு அதனையே சான்றாகக் கொள்வோம்.

வாட்சர் என்றவுடன் ‘காவலன்’ என்று மொழிபெயர்க்கக் கை முந்தும். ஆனால் லிப்-இவியின் வாட்சர் எதனையும் காவல் காப்பதில்லை. விழித்திருந்து பார்ப்பது இயங்குதளத்தின் வேலை; காலத்தை எண்ணுவது சுழலின் வேலை. வாட்சர் என்பது, எதற்காகக் காத்திருக்கிறோம், அது நேர்ந்தால் எந்தப் பணியை அழைக்க வேண்டும் என்று குறித்து வைத்த, நினைவகத்தில் உள்ள ஒரு சிறு துண்டு. கிராணியின் மேசைக்கு மேலே ஆணியில் குத்திய சீட்டு போன்றது. ஆதலால் ‘காத்திருப்புச் சீட்டு’ என்பதே தகும். சீட்டின் பின்புறத்தில், எழுதுவோன் தனக்கு வேண்டிய குறிப்பினை எழுதிக்கொள்ளவும் லிப்-இவி ஓரிடம் விட்டிருக்கின்றது.

கால்பேக் என்பதை ‘மீளழைப்பு’ என எழுதினால், நாம் யாரையோ அழைத்தோம், அவர் திரும்ப அழைக்கின்றார் என்னும் தொலைபேசிப் பொருள் வந்து சேரும். உண்மையில் அஃது ஓர் அழைப்பே அன்று, அழைக்கப்படும் பணி. நாம் எழுதிக் கொடுக்கின்றோம், அழைப்பது சுழல். ‘அழைபணி’ எனின் அழைத்த பணி, அழைக்கின்ற பணி, அழைக்கும் பணி என முக்காலமும் அடங்கிய வினைத்தொகையாக நிற்கும். எப்பொழுது அழைக்கப்படும் என்று அறிய இயலாத ஒன்றிற்கு வினைத்தொகை பொருத்தமே.

நிற்க. சீட்டு என்று பெயரிட்டவுடன் அதனை ஆளும் முறைகள் தாமே விளங்குகின்றன. முதலில் சீட்டினை எழுத வேண்டும். பின்னர் ஆணியில் குத்த வேண்டும். எழுதி மேசையில் வைத்துவிட்டால் கிராணி அதனைப் பாரார். லிப்-இவியிலும் சீட்டை அமைப்பது வேறு, தொடங்குவது வேறு. குத்திய பிறகு அதிலுள்ளதைத் திருத்தலாகாது. திருத்த வேண்டின் இறக்கித் திருத்தி மீண்டும் குத்த வேண்டும். தேவை முடிந்தால் முதலில் இறக்கவேண்டும். அதன் பின்னரே கிழிக்கலாம்.

இக்கடைசி வரிசை மாறினால் விளைவு கொடிது. சி மொழியில் நினைவகத்தை விடுவித்தல் என்பது சீட்டைக் கிழித்து அத்தாளைப் பிறர் எழுதக் கொடுப்பது போன்றது. ஆணியில் இன்ன இடத்தில் சீட்டு இருக்கின்றது என்று சுழல் நம்பிக்கொண்டிருக்க, அங்கே வேறெவரோ எழுதிய எழுத்து இருக்கும். அதனைப் படித்துச் சுழல் பணியை அழைக்கும். நிரல் அப்பொழுதே விழுந்தால் நல்லூழ். விழாமல் தவறான பணியைச் செய்துகொண்டே போவது தீயூழ். பாதுகாப்பு ஓட்டைகளுள் ஒரு பெரும் வகை இவ்வாறு பிறப்பதே.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. சுழல் ஒரு சுற்றில் பல நிகழ்வுகளைச் சேர்த்தெடுத்து வரிசையில் வைத்துக்கொண்டு, பின்னரே ஒவ்வொன்றாக அழைபணிகளை அழைக்கின்றது. ஆகவே ஆணியில் இருக்கும் நிலை ஒன்று, வரிசையில் முறைக்காக நிற்கும் நிலை மற்றொன்று. முதற்சீட்டின் பணி நடக்கும்பொழுது, இனி வேண்டாமென்று இரண்டாம் சீட்டைக் கிழித்துவிடின், அச்சீட்டு ஏற்கெனவே வரிசையில் நின்றிருக்கக் கூடும். லிப்-இவியின் நிறுத்தும் செயற்கூறு ஆணியிலிருந்து இறக்குவதோடு வரிசையிலிருந்தும் நீக்கிவிடுகின்றது. ‘இறக்கிய பின் கிழி’ என்னும் விதியைக் கடைப்பிடித்தவன் இந்நுட்பத்தை அறியாமலேயே பிழைத்துக்கொள்வான்.

இணைப்புகளுக்கு எண் வழங்கும் முறையாலும் ஓர் இடர் வரும். யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்கள், ஓர் இணைப்பை மூடினால் அதன் எண்ணை அடுத்து வரும் இணைப்பிற்குக் கொடுத்துவிடும். லயத்தில் ஏழாம் எண் வீட்டுக்காரர் ஊர் மாறிப் போய்விட்டார். ‘ஏழாம் எண்ணுக்குக் கடிதம் வந்தால்’ என்னும் சீட்டு ஆணியிலேயே கிடக்கின்றது. புதிதாகக் குடிவந்தவரின் கடிதம் பழையவர் கணக்கில் பிரிக்கப்படும். சீட்டை இறக்கிவிட்டே வீட்டைப் பூட்ட வேண்டும்.

அழைபணி சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரே கிராணி என்பதிலிருந்தே பெறப்படும். அவர் ஒரு கணக்கில் பத்து நிமிடம் மூழ்கினால், தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். இதனினும் மறைவான தொல்லை ஒன்று காலச் சீட்டுகளில் உண்டு. சுழல் நேரத்தை ஒவ்வொரு கணமும் பார்ப்பதில்லை; சுற்றுக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்கின்றது. அழைபணி நான்கு விநாடி கணக்குப் போட்டுவிட்டு, இறுதியில் ‘ஐந்து விநாடி கழித்து எழுப்பு’ என்று சீட்டுக் குத்தினால், ஐந்தும் பழைய குறிப்பிலிருந்தே எண்ணப்படும். ஒரு விநாடியில் எழுப்பிவிடும்! நேரத்தைப் புதுப்பித்துக்கொள் என்று சுழலுக்குச் சொல்லத் தனிச் செயற்கூறு இருக்கின்றது.

காலச் சீட்டிலும் இருவகை உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்தள்ளப்பட்டு நள்ளிரவாக்கப்பட்டன. அன்றிரவு 11 மணிக்கு ‘ஒரு மணி நேரம் கழித்து எழுப்புக’ என்றவரைப் புதுக் கடிகாரப்படி 12.30க்கு எழுப்ப வேண்டும். ‘பன்னிரண்டு மணிக்கு எழுப்புக’ என்றவரை அரை மணியிலேயே எழுப்பிவிட வேண்டும். கணினி உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில் எண்ணுவதால் இத்தகைய நேரவலய மாற்றம் அதனைத் தொடாதெனினும், கணினியின் கடிகாரத்தையே எவரேனும் முன்தள்ளி வைத்தால் இதே நிலைதான். இதனாலேயே லிப்-இவி கழிந்த காலத்திற்கு ஒரு வகைச் சீட்டும், கடிகார நேரத்திற்கு வேறு வகைச் சீட்டும் வைத்திருக்கின்றது. விடையளிக்காத இணைப்பைத் துண்டிக்க முதல் வகையும், நள்ளிரவுதோறும் பதிவேட்டைப் புதிதாகத் தொடங்க இரண்டாம் வகையும் பொருந்தும்.

சுழல் எப்பொழுது நிற்கும்? நிறுத்தச் சொன்னாலும் நிற்கும். ஆணியில் ஒரு சீட்டும் இல்லையாயினும் நிற்கும். வேலையெல்லாம் முடிந்தும் நிரல் முடியாமல் கிடந்தால், மறந்துபோன சீட்டு ஒன்று ஆணியில் தொங்குகின்றதா என்று தேடுவதே முதற்பணி. நிரல் வாழும் வரை இருக்க வேண்டியதாய், ஆனால் அதன் முடிவைத் தடுக்கலாகாததாய் உள்ள சீட்டும் சிலபொழுது தேவைப்படும்; அதனைக் குத்திவிட்டுக் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள லிப்-இவி இடந்தருகின்றது. அச்சீட்டை இறக்குவதற்கு முன் குறைத்ததைக் கூட்டிவிட வேண்டும்.

நினைவகத்தைத் தாமே துப்புரவு செய்துகொள்ளும் மொழிகளில் இத்தொல்லையெல்லாம் இல்லை என்பாருளர். தொல்லை உருமாறுகின்றது, அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்டில் சீட்டு தவறிக் கிழிபடாது. மாறாக, இறக்க மறந்த சீட்டு, தான் சுட்டும் பெருந்தரவுகளையெல்லாம் பற்றிக்கொண்டு துப்புரவுக்கு விடாது நிற்கும். திரும்பத் திரும்ப எழுப்பும் காலச் சீட்டுகள் இவ்வகையில் பேர்போனவை. பைத்தானில் நிலை தலைகீழ். அம்மொழியின் 3.4ஆம் பதிப்பில், 2014இல், அசிங்க்-ஐஓ என்னும் நிகழ்வுச் சுழல் சேர்ந்தது. அதில் நாம் தொடங்கி வைக்கும் பணியைச் சுழல் மெலிதாகவே பற்றியிருக்கும். வேறெவரும் பற்றாவிடின், பணி முடியுமுன்னரே துப்புரவில் அது போய்விடக் கூடும். ஆகவே தொடங்கிய பணியை ஒரு மாறியிலோ தொகுப்பிலோ இட்டு வைத்துக்கொள்ளுமாறு அம்மொழியின் ஆவணமே எச்சரிக்கின்றது.