படையில் பெண்கள்: உடல் நலமும் உள்ள நலமும்

கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் விளக்கக் கூட்டத்தை முடித்துக்கொண்டு நாம் புறப்படும் வேளையில், பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் தம் மகளுடன் நம்மிடம் வந்தார். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்திருந்த அப்பெண் தரைப்படையில் சேர விரும்புகிறாள். "ஐயா, இவ ரொம்ப ஆசைப்படுறா. பொம்பளப் பிள்ளை உடம்பு அதெல்லாம் தாங்குமா?" என்று அத்தாய் கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறத்தக்க கேள்வியன்று அது. ஆகவே, அதற்குரிய விளக்கத்தை இங்கே தருகின்றோம்.

தோட்டத்துப் பெண்கள் படையில் சேர்ந்தது புதிய செய்தியன்று. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கெனத் தனிப் படை அமைக்கப்படும் என்று அறிவித்தார். அதுவே ஜான்சி ராணிப் படை. அதன் பயிற்சி முகாம் அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா போன்ற படித்த இளம் பெண்கள் அதில் இருந்தனர். எனினும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்களே அப்படையில் பெரும் பங்கினர். இந்திய மண்ணை ஒருநாளும் கண்டிராதவர் அவர்களுள் பலர்.

அப்படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மருத்துவர் என்பது இங்குக் கருதத்தக்கது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் 1938இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மகப்பேறு, மகளிர் மருத்துவத் துறையிலும் தேர்ச்சி பெற்றவர். 1940இல் சிங்கப்பூருக்கு வந்து ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்து வந்தவர். அணிவகுப்பு, துப்பாக்கிச் சுடுதல், நெடுந்தூர நடை ஆகிய பயிற்சிகளை அப்பெண்கள் மேற்கொண்டனர். பின்னர் ஒரு பிரிவினர் பர்மாவுக்கு அனுப்பப்பட்டனர். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்தும் இரவில் நடந்தும் சயாம் நாட்டை நோக்கிச் சென்றனர்.

ஆகவே, பெண் உடல் தாங்குமா என்னும் கேள்விக்கு வரலாறு முன்பே விடை கூறிவிட்டது. எந்தப் பாதுகாப்போடு தாங்கும் என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு மருத்துவ அறிவு இன்று தெளிவான விளக்கம் தருகின்றது.

முதலாவது, எலும்பு. பழக்கமில்லாத உடல் திடீரெனச் சுமையோடு நெடுந்தூரம் நடந்தால், கால் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகும். புதிதாகப் பயிற்சி பெறும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மிகுதியாக ஏற்படுகின்றது. பெண்ணின் எலும்பு பொதுவாக மெல்லியது. உயரமான ஆணுக்கு ஈடாக அடியெடுத்து வைக்க முயலும்போது இடுப்பில் இழுப்பு ஏற்படுகின்றது. பிரிட்டிஷ் தரைப்படையில் 1998ஆம் ஆண்டு இருபாலருக்கும் ஒரே அளவான பயிற்சி முறை கொண்டுவரப்பட்டது. அதன் பின்னர், மிகையான பயிற்சியால் வரும் காயங்களுக்காகப் பணியிலிருந்து விலக்கப்பட்ட பெண்களின் விழுக்காடு இரு மடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. பெண்ணால் இயலாது என்பது இதன் பொருளன்று. சுமையையும் தூரத்தையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதே இதன் பாடம். வலியை மறைத்து நடப்பது வீரமன்று. சிறு வெடிப்பு முழு முறிவாக மாறுவதற்கு அதுவே வழி.

இரண்டாவது, இரத்தம். மாதவிலக்கினால் பெண்கள் இரும்புச் சத்தை இழக்கின்றனர். கடும் பயிற்சியின்போது உணவும் குறைந்தால் இரத்தசோகை வந்து, மூச்சு வாங்கும், தலை சுற்றும், சோர்வு நீங்காது. கருவுறாத பெண்ணின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாவிடில் மாதவிலக்கே நின்றுபோவதும் உண்டு. தொல்லை விட்டது என்று அதனைக் கருதிவிடலாகாது. எலும்பு வலுவிழப்பதற்கு அது முன்னறிவிப்பாகும்.

மூன்றாவது, நீர். ஒதுங்க இடமில்லாத வெளியிடங்களில் பணியாற்றும் பெண் வீரர்கள், சிறுநீரை அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். அதனால் சிறுநீர்த் தொற்றும், வெயிலால் வரும் மயக்கமும் நேர்கின்றன. நிரையில் மரம் வெட்டும் நம் தாய்மார்களுக்கு இத்துன்பத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, உள்ளத்தின் நலம். போரில் மரணத்தை அருகிலிருந்து கண்டவர்களுக்கு, ஆண்டுகள் சென்ற பின்னும் கெட்ட கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், உறக்கமின்மை, எவரோடும் ஒட்டாமை ஆகியவை தொடரலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே இதனைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. ஜான்சி ராணிப் படையினர் தாயகம் திரும்பிய 1945இல் இது இவ்வாறு தனி நோயாக அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கவில்லை. லட்சுமிக்கு 1998இல் பத்ம விபூஷண் விருதும், ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. தோட்டத்திற்குத் திரும்பி மீண்டும் உளியும் வாளியும் ஏந்திய பெண்கள் பலரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. தாம் கண்டதை அவர்கள் யாரிடம் சொல்லி ஆறினார்கள்?

போர்க்களம் மட்டுமே மனக் காயத்துக்குக் காரணமன்று. உடன் பணிபுரிவோர் அல்லது மேலதிகாரிகளின் பாலியல் தொல்லையும் பெண் வீரர்களின் மனத்தை முறிக்கும் பெருங்காரணம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நிலையில் வாய் மூடியிருத்தல் தகாது. குற்றம் செய்தவருடையதே வெட்கம்; துன்புற்றவருடையது அன்று.

இன்று மலேசிய ஆயுதப் படையின் தரை, கடல், வான் ஆகிய முப்படைகளிலும் பெண்கள் பணியாற்றுகின்றனர். ஆதலின், தம் பெண் மக்களை அனுப்ப எண்ணும் பெற்றோர் சிலவற்றைக் கவனித்தல் நலம். விண்ணப்பிப்பதற்கு முன்பே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. கீரை, நெத்திலி, பருப்பு, முட்டை ஆகியவற்றை உணவில் சேர்த்து, கொய்யா போன்ற பழங்களையும் உண்க. சாப்பாட்டுடன் தேநீர் அருந்துவது இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்; அதனைத் தவிர்க்க. நடையையும் ஓட்டத்தையும் பல வாரங்களுக்கு முன்பே சிறிது சிறிதாகத் தொடங்குக. பிள்ளை பணிக்குச் சென்ற பின், சம்பளத்தை மட்டும் விசாரியாமல், உறக்கத்தையும் மனநிலையையும் கேட்டறிக. மனம் தளர்ந்தோர் எவராயினும் சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசி எண்ணில் பேசி உதவி பெறலாம்.

இவை படைக்குச் செல்வோருக்கு மட்டும் உரியனவல்ல. நம்மிடம் கேள்வி கேட்ட அத்தாயே விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து, பால் வாளியைச் சுமப்பவர். தமக்கு அடிக்கடி தலை சுற்றுவதாகப் பேச்சினிடையே அவர் சொன்னார். அதற்காக மருத்துவரிடம் சென்றதில்லை என்றும் சொன்னார். "பிள்ளைக்குப் பரிசோதனை செய்யும் நாளில் நீங்களும் கையை நீட்டுங்கள், அம்மா" என்று கூறி விடைபெற்றோம். மகளின் உடல் தாங்குமா என்று அஞ்சும் தாய்மார்கள் தம் உடலையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.