ஹேண்டில்பாரில் தொங்கும் கியர் ஒயர்: வெட்டலாமா? கட்டலாமா?



நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் இப்போது கியர் சைக்கிள்கள் நிறைய வந்துவிட்டன. அதில் ஒன்றின் முன்பக்கத்தை நின்று பாருங்கள். பிரேக்குக்கு இரண்டு, கியருக்கு இரண்டு, ஆக நாலு ஒயர் ஹேண்டில்பாரிலிருந்து வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து சைக்கிளின் ஹேண்டில் அதில் போய் மாட்டும். சாயங்காலம் மணி அடித்ததும் அவசரத்தில் ஒன்றை இழுத்தால் வரிசையா ஆறேழு சைக்கிள் சரியும். இந்தத் தொல்லைக்காகச் சிலர் நாலு ஒயரையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். சிலர் "நீளமாத்தானே இருக்கு" என்று வெட்டிக் குட்டையாக்கிவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து! ஏன் என்று தெரிய, ஒயருக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கணும்.

இழுப்பது இன்னர், தாங்குவது அவுட்டர்

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வடத்தைப் பிடித்துத் தேரை இழுக்கலாம். அதே வடத்தால் தேரைத் தள்ள முடியுமா? முடியாது. சைக்கிளின் இன்னர் ஒயரும் அப்படித்தான், இழுக்க மட்டும்தான் தெரியும். திரும்பி வருவதற்கு மறுமுனையில் ஸ்பிரிங் இருக்கிறது.

ஆனால் தேர் வடம் நேராகப் போகும். சைக்கிள் ஒயர் வளைந்து போக வேண்டும். வளைந்து கிடக்கும் கயிற்றை இழுத்தால் அது முதலில் நேராக நிமிரப் பார்க்குமே தவிர, மறுமுனையை இழுக்காது. அதைத் தடுக்கத்தான் மேலே அவுட்டர். இன்னர் எவ்வளவு விசையோடு இழுபடுகிறதோ, அவ்வளவு விசையை அவுட்டர் நீளவாக்கில் தாங்கி நிற்கிறது. (அறிவியல் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் பண்ணியவர்கள் இங்கே கொஞ்சம் யோசிக்கலாம்.) இந்த அமைப்புக்கு பௌடன் கேபிள் என்று பெயர். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896-ல் இதற்கு பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அப்பாவின் பைக்கில் கிளட்ச் ஒயர் இருக்கிறதே, அதுவும் இதே வகைதான்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

பின்சக்கரத்தில் 7 பல்சக்கரம் உள்ள ஷிமானோ கியரை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மி.மீ. நாம் ஷிப்டரில் ஒரு 'கிளிக்' தட்டினால் ஒயர் சுமார் 2.9 மி.மீ. நகரும். பின்னால் உள்ள டீரெய்லர் அதை 1.7 மடங்காக்குகிறது. பெருக்கிப் பாருங்கள், 4.93. கிட்டத்தட்ட அந்த 5 மி.மீ. வந்துவிட்டது!

இப்போது ஹேண்டிலைத் திருப்பும்போது அவுட்டர் நசுங்கியோ, ஓரத்தில் விலகியோ 1 மி.மீ. ஏமாற்றினால் என்ன ஆகும்? பின்னால் 1.7 மி.மீ. தப்பு. செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே கிடந்து கடகடக்கும். மிதிக்கும்போது திடீரென்று நழுவும். உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒவ்வொரு மூலையிலும் செங்கோணத் திருப்பம். குட்டையாக வெட்டின ஒயர் என்றால் அங்கேதான் வேலையைக் காட்டும்.

இறுக்கிக் கட்டினால் வருவது வேறு தொல்லை. மாட்டுக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்று சுற்றினால் சின்னப் பையன்கூட மாட்டை நிறுத்திவிடலாம், பார்த்திருக்கிறீர்களா? வளைவு கூடக் கூட உராய்வு பெருகும். அவுட்டருக்குள் இன்னருக்கும் அதே கதிதான். நாம் இழுத்தால் போகும், ஸ்பிரிங் இழுத்தால் திரும்பாது. கியரில் என்றால் வெறும் எரிச்சல். பிரேக்கில் என்றால் பிடித்த கட்டை விடாமல் ரிம்மைத் தேய்த்துக்கொண்டே வரும்.

இதை மட்டும் மறக்காதீங்க!

கியர் அவுட்டரும் பிரேக் அவுட்டரும் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் உள்ளே வேறு. பிரேக் அவுட்டரில் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருட்டியிருக்கும், பெரும்பாலும் 5 மி.மீ. தடிமன். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் பக்கம் பக்கமாக ஓடும், பெரும்பாலும் 4 மி.மீ. நீளம் மாறாது என்பதால் கியருக்கு அது ரொம்பப் பொருத்தம். ஆனால் அந்தக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது மேலே உள்ள பிளாஸ்டிக் தோல்தான். அதைப் பிரேக்குக்குப் போட்டு அவசரத்தில் அழுத்திப் பிடித்தால் தோல் கிழிந்து கம்பிகள் பிதுங்கிவிடும். அந்த நொடியில் பிரேக்கே இருக்காது. காவிரிப் பாலத்தில் பின்னால் சத்திரம் பஸ் வந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால்? மீதி இருந்த கியர் அவுட்டர்தானே என்று பிரேக்குக்கு மாட்டாதீர்கள். கடையில் மாட்டிக்கொடுத்தாலும் கேட்டுப் பாருங்கள்.

ஏன் வெளியே விட்டிருக்கிறார்கள்?

கீழே வளைந்த ஹேண்டில் உள்ள ரோடு சைக்கிளில் முன்பெல்லாம் கியர் லீவர் அடிக்கம்பியில் இருந்தது. 1990-ல் ஷிமானோ கம்பெனி பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் கொண்டுவந்தது. அதில் கியர் ஒயர் பக்கவாட்டில் வெளியேறி, துணி காயப்போடும் கொடி மாதிரி முன்னால் தொங்கியது. இத்தாலியின் கம்பக்னோலோ 1992-லேயே ஒயரை ஹேண்டில் டேப்புக்கு அடியில் மறைத்துவிட்டது. ஷிமானோ தன் விலை உயர்ந்த டூரா ஏஸ் வரிசையில் 2008-ல்தான் அதைச் செய்தது. பிறகு மற்ற வரிசைகளுக்கும் மெல்ல வந்தது. ஆனால் விலை குறைந்த டூர்னி ஏ070 லீவரில் ஒயர் பழையபடி வெளியேதான் வருகிறது. அதை வலுக்கட்டாயமாக மடக்கி டேப்புக்குள் திணிக்க முடியாது. வெளியேறும் வாயே பக்கவாட்டில் இருப்பதால் ஒயர் ஒடிந்த மாதிரி வளையும். அதனால் மறைக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒழுங்குபடுத்துவோம்.

எப்படி ஒழுங்கு செய்வது?

முதலில் ஹேண்டிலை இடது பக்கம் முழுசா திருப்புங்கள், அப்புறம் வலது பக்கம். எந்த ஒயரும் விறைக்கக் கூடாது. அந்த அளவுக்கு மேல் மிச்சம் இருந்தால்தான் வெட்டலாம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வெட்டினதை ஒட்ட முடியாது அல்லவா? சாதாரணக் கட்டிங் பிளேயர் வாயை நசுக்கிவிடும். ஒயர் வெட்டும் கட்டர் உள்ள கடையில் கொடுப்பது நல்லது. வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, உள்குழாயின் வாயை ஊசியால் திறந்து, மூடி போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அடிக்கம்பிக்கு வெளியே ஒயர் ஓடுகிற சைக்கிளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வலது ஷிப்டர் ஒயரைக் கழுத்துக்கு இடது பக்கமாகவும், இடது ஒயரை வலது பக்கமாகவும் கொண்டுபோய், அடிக்கம்பிக்குக் கீழே இன்னர்கள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போய் அவரவர் இடத்துக்குத் திரும்பும்படி விடலாம். முன்னால் வளைவு பெரிதாக, அழகாக விழும். கழுத்துப் பெயிண்டும் தேயாது. இன்னர்கள் லேசாக உரசினாலும் பரவாயில்லை.

ஒயர்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு டேக் போடுங்கள். விரலால் தள்ளினால் அவுட்டர் உள்ளே வழுக்கணும், அவ்வளவு தளர்வு போதும். ஃபிரேமோடு சேர்த்துக் கட்டவே கூடாது. டேக்கின் மிச்ச வாலை ஒட்ட நறுக்குங்கள், இல்லையென்றால் பக்கத்து சைக்கிள்காரர் கையைக் கிழிக்கும். ஃபிரேமில் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றை ஒட்டிவிடலாம். வெள்ளை அவுட்டர் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: பார்க்க ஜோர்தான், ஆனால் நம்ம ஊர்ப் புழுதிக்கு இரண்டு வாரம் தாங்காது!

அரசு தரும் விலையில்லா சைக்கிளில் கியரே இல்லை, அதனால் கியர் ஒயர் தொல்லையும் இல்லை. பிரேக் ஒயர் உள்ள சைக்கிள் என்றால் எதுவானாலும் ஹேண்டில் திருப்பிப் பார்க்கும் சோதனை அதற்கும் பொருந்தும்.

வேலை முடிந்ததும் உடனே ரோட்டுக்குப் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே இரண்டு பிரேக்கையும் முழு பலத்தோடு பத்துத் தடவை பிடித்து விடுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, எல்லாக் கியரையும் ஏற்றி இறக்குங்கள். இதையே ஹேண்டிலை இருபக்கமும் திருப்பி வைத்து இன்னொரு தடவை. புது அவுட்டர் தன் இடத்தில் உட்காரும்போது ஒயர் சிறிது தளரும். டீரெய்லரில் ஒயர் நுழையும் இடத்தில் உள்ள சின்னத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக இடஞ்சுழியாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு