வீணையில் எழும் கரகரப்பு

சிப்பிகாட்டில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும். வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். இத்தகைய ஊரில், உறையிட்டு மூடிவைத்த வீணையும் சில மாதங்களில் கரகரக்கத் தொடங்கலாம். சீர்செய்யும் கைவினைஞரை நாடிச் சென்னைக்கு அனுப்புவதென்றால் கடல்வழி சுமார் 1200 கி.மீ. ஆகும். ஆகவே, குறை எங்குள்ளது என்பதை வீட்டிலேயே கண்டறிதல் நன்று.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆனது. அதன் தண்டியின்மீது 24 உலோக மெட்டுகள், கரித்தூள் கலந்த மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும். வாசிப்புத் தந்திகள் நான்கும் மெட்டுகளுக்கு மேலாகச் செல்லும். தாளத் தந்திகள் மூன்றும் பக்கவாட்டில் அமையும். ஒரு மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டினால், அம்மெட்டிற்கும் குதிரைக்கும் இடைப்பட்ட பகுதி அதிரும். அவ்வாறு அதிரும் தந்தி அடுத்த மெட்டில் உரசுமானால் கரகரப்பு எழும்.

இதனை அறியும் வழி எளிது. மெட்டுகள் ஒவ்வொன்றிலும் அழுத்தி, மெதுவாக மீட்டிச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓசை கெட்டால், அம்மெட்டு நெடுநாள் வாசிப்பால் தேய்ந்து பள்ளமாகியிருக்கலாம். அல்லது அடுத்த மெட்டு சற்று உயர்ந்திருக்கலாம். எல்லா இடங்களிலும் கெட்டால், துருவேறிய தந்தியையோ குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டையோ ஐயுற வேண்டும். மீட்டாத தந்திகளும் உடன் அதிர்வதுண்டு. அவற்றை விரலால் தொட்டு அடக்கியதும் இரைச்சல் நின்றால், குற்றம் மீட்டிய தந்தியினுடையது அன்று. பெரிய பியானோக்களிலும் இத்தொல்லை உண்டு. அங்கே ஒலிக்க வேண்டாத தந்திப் பகுதிகளுக்கிடையே கம்பளிப் பட்டையைச் செருகி அடக்குவர்.

கரகரப்பு யாவும் குறையாகிவிடாது. தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே 'ஜீவா' எனப்படும் பருத்தி நூலை வைத்து, அவ்வதிர்வை வேண்டுமென்றே வரவழைப்பர். நூல் மயிரிழை நகர்ந்தாலும் நாதம் மாறிவிடும்!

துருவேறிய தந்தியை வீட்டிலேயே மாற்றலாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துவைத்தால் துரு எளிதில் ஏறாது. மெட்டுகளை மட்டும் தொடலாகாது. மெழுகை இளக்கி, 24 மெட்டுகளையும் செவியால் சுருதி பார்த்து மீண்டும் பதிக்கும் 'மேளம் கட்டுதல்' என்னும் பணி, பயின்ற கைவினைஞருக்கே உரியது. அவர் பதித்த மெழுகும் வெயிலில் இளகும், மெட்டுகள் சாயும். எனவே ஈரம் போக்கும் எண்ணத்தில் வீணையை முற்றத்து வெயிலில் வைத்தல் கூடாது. காற்றோட்டமுள்ள நிழலே போதும்.