உங்களுக்குத் தெரியுமா? காரும் நாமும்

● முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் போனவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர வண்டியை இரண்டு மகன்களோடு கிளப்பிக்கொண்டு புறப்பட்டார் பெர்த்தா. 100 கிலோமீட்டருக்கு அப்பால் ஃபோர்ட்ஸ்ஹைமில் அவருடைய தாய் வீடு. வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்பு தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அந்த அனுபவத்தால்தான் வண்டிக்கு ஏற்றம் ஏற இன்னொரு கியர் வந்தது. காப்புரிமை கார்லின் பெயரில் இருக்கிறது. காரை ஊர் நம்பும்படி செய்தவர் பெர்த்தா.

● வைப்பருக்கு 1903-ல் காப்புரிமை பெற்றவரும் பெண்தான், அலபாமாவின் மேரி ஆண்டர்சன். காப்புரிமைக் காலம் முடியும்வரை அவருக்கு அதில் காலணா வரவில்லை.

● ஃபோர்டு ஆலையில் 1913-ல் நகரும் உற்பத்தி வரிசை வந்ததும், 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் நாள் முழுக்க ஒரே திருகை முடுக்கிச் சலித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டார்கள். அவர்களைத் தக்கவைக்கத்தான் 1914-ல் நாளுக்கு 5 டாலர் என்ற அறிவிப்பு வந்தது.

● இன்று நாம் மாட்டும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் வடிவமைத்தவர் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின். அதற்குமுன் போர் விமானங்களின் அவசர வெளியேற்ற இருக்கைகளில் வேலை செய்தவர். அந்தக் காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று வோல்வோ திறந்துவிட்டது. எத்தனை குடும்பங்கள் இதனால் தப்பின!

● இன்ஜின் 'நாக்கிங்' சத்தத்தை அடக்க 1920-களில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். 1924-ல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். இந்தியா 2000-ல் கைவிட்டது. கடைசியாக அல்ஜீரியா கைவிட்டபோது ஆண்டு 2021.